நற்செய்திப் பயணத்தில் ஒரு தம்பதியர்

மறைபரப்புப் பணி என்றதும் குருக்களும் துறவியருமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் தொடக்கத் திருச்சபையில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் இப்பணிக்குப் பெருந்துணையாய் இருந்தார்கள். ஏறத்தாழ கி.பி. 49-இல் பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது, இவர்கள் கொரிந்துக்கு வந்தார்கள். கூடாரம் செய்வது இவர்களது தொழில். அதே தொழில் தெரிந்த பவுலடியாரைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். பின்னர் அவரோடு கப்பலேறி எபேசுக்குச் சென்றார்கள்.

அங்கே அப்பொல்லோ என்ற போதகர் தொழுகைக்கூடத்தில் துணிவுடன் பேசினார். மறைநூலில் புலமை மிக்கவர். ஆனால் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். தம்பதியர் அவரைத் தங்களோடு அழைத்துச் சென்று, இறைநெறியைத் தெளிவாக விளக்கினார்கள் (திப 18:26). பின்னர் அவர் அக்காயாவுக்குச் சென்று, நம்பிக்கை கொண்டோருக்குப் பெரிதும் உதவினார்.

நம் பங்கின் இளங்குருவினது மறையுரையில் குறை கண்டால் நாம் என்ன செய்கிறோம்? கோயில் வாசலில் நின்று குறைகூறுகிறோமா? வீட்டுக்கு அழைத்து, உணவளித்து, தனியே அன்போடு எடுத்துச் சொல்கிறோமா? முன்னது அவர் மனத்தை உடைக்கும். பின்னது அவரை உருவாக்கும். தொலைநாடுகளில் உழைக்கும் இளம் மறைப்பணியாளர்களுக்கும் இத்தகைய இல்லங்கள் தேவை. அந்த இல்லம் நம்முடையதாக இருக்கட்டும்!