கையடக்கக் கணினியும் தமிழ் விசையமைப்பும்

மலையகத்திலே கொழுந்து என்னுஞ் சொல்லை அறியாத குழந்தையும் இல்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டங்களில் வாழ்வு முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே சுழல்கின்றது. அச்சொல்லைத் தாளில் எழுதுதல் எளிது. அதனையே கைபேசியில் எழுதப் புகுவோமாயின், எத்தனை விசைகளை அழுத்தல் வேண்டும்? எதனை முதலில் அழுத்தல் வேண்டும்? பெருவிரல் எவ்வளவு தூரஞ் செல்லல் வேண்டும்? இவ்வினாக்கள் சிறியனபோலத் தோன்றும். ஆயினும், ஒரு சமூகம் தன் மொழியைத் தன் எழுத்திலே எழுதுமா, பிறமொழி எழுத்திலே எழுதுமா என்பது இவற்றின் விடையிலே தங்கியுள்ளது. ஆதலின் விசைகளை அமைக்கும் முறைபற்றி ஈண்டு ஆராய்வாம்.

நம் காலத்திற் கைபேசி என வழங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினியே. தோட்டத்து இளைஞர் பலர்க்கு முதலிற் கிட்டிய கணினியும் அதுவே. மேசைக் கணினியின் விசைப்பலகையிற் பத்து விரல்களும் தொழில் செய்யும். கைபேசியிலோ இரண்டு பெருவிரல்கள், சிலபோது ஒரு பெருவிரல் மட்டுமே தொழில் செய்யும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, விசையமைப்பின் வரலாற்றை முதற்கண் நோக்குவோம்.

ஆங்கில விசைப்பலகையின் இன்றைய வரிசை, கிறித்தோபர் சோல்சு என்னும் அமெரிக்கர் அமைத்த தட்டெழுத்துப் பொறியிலிருந்து வந்தது. அப்பொறி 1874ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பொறி மறைந்தது, வரிசை நிலைத்தது. விரல்களுக்கு இதனினும் எளிதாகுமெனக் கூறித் துவோராக் என்பார் 1936இல் வேறொரு வரிசைக்கு உரிமை பெற்றார். எனினும் மக்கள் பழகியதை விட்டிலர். ஒருமுறை வேரூன்றிய விசையமைப்பைப் பெயர்த்தல் அரிது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி கண்ட பெருமை நம் நாட்டவர் ஒருவர்க்கு உரியது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இராமலிங்கம் முத்தையா என்பாரே அவர். அவர்முன் நின்ற இடர் பெரிது. தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் உள்ளன. பொறியிலோ ஏறக்குறைய 45 விசைகளே உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு குறிகளை அமைப்பினும் 90 குறிகளுக்கே இடமுண்டு. ஆதலின் எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தல் இன்றியமையாததாயிற்று. அவர் நகரா விசை என்னும் உத்தியைக் கையாண்டார். குறிப்பிட்ட சில குறிகளை அழுத்துங்கால் தாளேந்தி நகராது நிற்கும். அடுத்து எழுத்தை அழுத்த, குறியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். இவ்வாறு 247 எழுத்துகளும் ஒரு சிறு பொறியில் அடங்கின.

இவ்வமைப்பின் இயல்பு நுனித்துணரத் தக்கது. தட்டெழுத்துப் பொறி ஒலியை அறியாது; வடிவத்தையே அறியும். கொழுந்து என்னுஞ் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். கொ என்பதில் ககர மெய்யும் ஒகர உயிரும் என இரண்டே ஒலிகள் உள. பொறியிலோ முதலில் ஒற்றைக் கொம்பும், பின் ககரமும், பின் காலும் என மூன்றுமுறை அழுத்தல் வேண்டும். வாய் மெய்யை முன்னர் ஒலிக்கின்றது. விரலோ உயிரின் ஒரு கூற்றை முன்னர் அழுத்துகின்றது. இரும்பாலான பொறிக்கு இது தவிர்க்கவொண்ணாதது. ஆயினும் தாளேந்தியே இல்லாத கணினி வந்தபின்னும் இப்பழக்கம் தொடர்ந்தது. இலங்கையில் வழங்கும் இரெங்கநாதன் விசையமைப்பும் தட்டெழுத்து மரபைத் தழுவியதே.

இதற்கு மாறாக, ஒலியின் வழியே விசைகளை அமைத்தது தமிழ் 99 எனப்படும் முறை. 1999ஆம் ஆண்டிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு இதனை ஏற்றது. இதன் அடிப்படை தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் அறிந்ததே: உயிரும் மெய்யுங் கூடி உயிர்மெய் ஆகும். எனவே 12 உயிர்க்கும், 18 மெய்க்கும், ஆய்தத்துக்கும் என 31 விசைகளே போதும். மேல் வரிசையில் 12, நடு வரிசையில் 11, கீழ் வரிசையில் 8 எனத் தமிழெழுத்துகள் அமைந்துள்ளன. வடமொழி ஒலிகளுக்குரியவை மாற்று விசையோடு சேர்த்து அழுத்தப்படுவன. அ, இ, உ, எ என்னுங் குறில்கள் நடு வரிசையில் இடக்கையின்கீழ் நிற்க, அவற்றின் நெடில்கள் அவ்வவற்றின் மேலே நிற்கும். க, ப, ம, த, ந, ய என்னும் மிகுதியாக வரும் எழுத்துகள் வலக்கையின்கீழ் நடு வரிசையில் நிற்கும். வகரமும் ஙகரமும் ஒழிய ஏனைய மெய்கள் யாவும் வலப்புறத்தன. உயிர்கள் யாவும் இடப்புறத்தன.

இதன் பயனைத் தேயிலை என்னுஞ் சொல்லாற் காண்க. த, ஏ, ய, இ, ல, ஐ என ஆறு அழுத்தங்கள். அவை வலம், இடம், வலம், இடம், வலம், இடம் என மாறிமாறி வருகின்றன. ஒரு கை அழுத்தும்போதே மறுகை அடுத்த விசையை நோக்கிச் செல்லும். புள்ளியிடும் வேலையும் பெரும்பாலுங் குறைகின்றது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெறும். ங, ஞ, ண, ந, ம, ன என்னும் மெல்லினத்தின்பின் அதற்கு இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. எனவே தந்தை என்பதற்கு த, ந, த, ஐ என நான்கு அழுத்தங்களே வேண்டும். வடிவ முறையில் அதற்கு ஐந்து வேண்டும். ஆங்கில எழுத்தால் எழுதுவார்க்கோ எட்டு வேண்டும்.

இங்ஙனம் மேசைக் கணினிக்கு ஏற்புடையதாகிய அமைப்பு கையடக்கக் கணினிக்கும் அப்படியே பொருந்துமா? இவ்வினாவை எழுப்பாது விடுதல் முறையன்று. போல் பிற்சு என்னும் உளவியலறிஞர் 1954ஆம் ஆண்டில் ஒரு விதியை நிறுவினார். குறி தொலைவில் இருப்பின் அதனை எட்ட நேரம் மிகும். குறி சிறிதாயினும் நேரம் மிகும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றர் அகலமுடைய கைபேசியில் ஒரு வரிசைக்குப் பத்து விசைகளை வைத்தால் ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீற்றர் அகலம் பெறும். பன்னிரண்டை வைத்தால் ஆறு மில்லிமீற்றருங் கிட்டாது. உழைத்துத் தடித்த பெருவிரலின் நுனி இதனினும் அகன்றது. ஆகவே அடுத்த விசையைத் தவறாக அழுத்துதல் நேரும்.

மேலும், இரண்டு பெருவிரல்களால் எழுதுவார்க்கு உயிர் இடமும் மெய் வலமுமாக நிற்றல் நன்மையே. ஒரு கையிற் குடையோ கூடையோ இருக்க, மறுகைப் பெருவிரலால் மட்டும் எழுதுவார்க்கு அதுவே இடராகும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் விரல் திரையின் ஒருபுறமிருந்து மறுபுறஞ் சென்று மீளல் வேண்டும். எனவே விசையமைப்பின் நன்மை தீமையை எழுத்தை மட்டும் நோக்கித் துணிதலாகாது. எழுதுங் கையையும் நோக்கல் வேண்டும்.

தமிழ் கைபேசியில் ஏறிய வரலாற்றையும் சுருங்கக் கூறுவாம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னுஞ் செயலி 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. அக்காலத்துக் கைபேசிகளிற் பன்னிரண்டு பொத்தான்களே இருந்தன. 31 எழுத்துகளை அவற்றில் இட்டால் ஒரு பொத்தானுக்கு மூன்று நான்கு எழுத்துகள் சேரும். மூன்றாவதாக நிற்கும் எழுத்துக்கு மும்முறை அழுத்தல் வேண்டும். பின்னர்த் தொடுதிரை வந்தது. விசைகளை வேண்டியவாறு வரைந்துகொள்ளும் உரிமையும் வந்தது. இன்று தமிழ் 99, நெடுங்கணக்கு வரிசையைத் தழுவிய பலகை, ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் பெறும் முறை ஆகிய யாவுங் கைபேசியில் உண்டு. கருவியில் இல்லை என்னுங் குறை தீர்ந்தது. கற்பிப்பார் இல்லை என்னுங் குறையே எஞ்சியது.

அதன் விளைவை நாம் நாள்தோறுங் காண்கின்றோம். இளைஞர் பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்புகின்றனர். கைக்குப் பழகியதை அவர்கள் கொள்கின்றனர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆங்கில எழுத்தை அழுத்தியேனும் தமிழெழுத்தைப் பெறுவார் செயல் பாராட்டற்குரியது. ஆயின் ஆங்கில எழுத்திலேயே நின்றுவிடின் இழப்பு யாது? தலை, தளை, தழை என்னும் மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் வேறுபாடு மங்கும். ணகர நகர னகரங்களும், ரகர றகரங்களும் மயங்கும். இவற்றைப் பிரித்து எழுதப் பழகாத கை, நாளடைவில் இவற்றைப் பிரித்தறியாத கண்ணையுந் தரும். தேர்வுத்தாள்களிற் பிழை மலிவதைக் கண்டு வருந்தும் ஆசிரியர், அதன் காரணங்களுள் ஒன்று மாணவன் கையிலுள்ள கைபேசியில் இருத்தலையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

எழுத்துக்கு மட்டுமன்றி எண்ணுக்கும் விசையின் இடம் இன்றியமையாதது. கணக்கிடும் பொறியில் 7, 8, 9 மேல் வரிசையில் நிற்கும். தொலைபேசியில் 1, 2, 3 மேல் வரிசையில் நிற்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் பலவகை வரிசைகளை மக்களைக்கொண்டு சோதித்து 1960இல் முடிபுகளை வெளியிட்டனர். 1963இல் வழக்குக்கு வந்த பொத்தான் தொலைபேசி இன்றைய வரிசையைப் பெற்றது. கணக்கிடும் பொறியிற் பழகிய விரல் கைபேசி வரிசையில் தடுமாறினால் 8 என்பது 2 ஆகும். 4, 5, 6 மட்டுமே தப்பும். கொழுந்து மடுவத்தில் நிறுத்த அளவைக் கருவியிற் கையால் அழுத்திப் பதியுமிடத்து இதன் பொருள் யாது? ஒரு பேருக்கு 16 கிலோ வேண்டும் எனக் கொள்வோம். ஒரு பெண் 18 கிலோ பறித்திருக்க, பதிவில் 12 என விழுந்தால், அவளுக்கு முழுப்பேர் போய் அரைப்பேர் ஆகும். 81 என விழுந்திருப்பின் எவருங் கண்டுகொள்வர். 12 என்பது எவர் கண்ணிலும் உறுத்தாது. ஆதலின் பதியுமுன் அவ்வெண்ணைப் பெரிதாகக் காட்டிப் பறித்தவர் ஒப்புதலைப் பெறுதல், கருவியமைப்பின் ஒரு கூறாகவே இருத்தல் வேண்டும்.

மலையகத்தார்க்கு எழுத்தோடுள்ள தொடர்பு எளிதில் வந்ததன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி உடன்படிக்கையின் வழி பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சாரார் இங்கு நிற்க, மறுசாரார் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினர். எழுதத் தெரியாத தாய், பள்ளி ஆசிரியரையோ கணக்கப்பிள்ளையையோ வேண்டித் தன் உடன்பிறந்தாளுக்குக் கடிதம் எழுதுவித்த காலம் அது. இன்று அவள் பேரப்பிள்ளை பிறர் துணையின்றித் தானே எழுதுகின்றான். எழுதுவிப்பார் இன்றித் தவித்த குடியில் எழுதுவான் ஒருவன் தோன்றியபின், அவன் பாட்டியின் மொழியை அதற்குரிய எழுத்தில் எழுத இயலாதிருப்பின் அது வருந்தத்தக்கதன்றோ?

இதற்கு வேண்டிய முயற்சி பெரிதன்று. ஒலிவழி விசையமைப்பு ஒன்றைத் தெரிந்து, ஒவ்வொரு பாடசாலையிலும் கிழமைக்கு ஒரு பாடவேளை பயிற்றினால் 31 விசைகளும் விரலுக்குப் பழகிவிடும். உயிர் மெய் உயிர்மெய் என்னும் இலக்கணப் பாடமும் உடன் விளங்கும். விசைப்பலகை அமைப்போர், ஒரு பெருவிரலால் எழுதுவார்க்கென அதே முறையைக் குறுகிய பரப்பில் தொகுத்துத் தருதல் வேண்டும். பழைய மாணவர் தம் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லும்போது, பிள்ளைகளின் கைபேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவிக் காட்டுதலும் ஒரு நற்பணியே. முத்தையா இரும்புப் பொறிக்குத் தமிழைப் பொருத்தினார். நம்முன் உள்ள பணி அதனினும் எளிது: பொருத்தப்பட்டுள்ள தமிழைப் பிள்ளைகளின் விரலுக்குப் பழக்குதலே அது.