புகைத்திரை விலகிய ஓவியங்கள்

மெழுகுதிரி ஏற்றுவதும் சாம்பிராணி இடுவதும் பக்தியின் அடையாளங்கள். ஆயினும், அவற்றின் புகை சுவரிற் கரியாகப் படிந்துவிடுகின்றது. வத்திக்கானிலுள்ள சிஸ்ரைன் சிற்றாலயத்தில், மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய விதான ஓவியங்களும், 1541இல் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ என்னும் பெருஞ்சுவரோவியமும் இவ்வாறே இருண்டுபோயின.

1625இல் அவ்விதானத்தைத் துணியாலும் பாண் துண்டாலும் துடைத்தனர். பாணின் மென்மையான உட்பகுதி கரியை ஒற்றியெடுக்கும். 1710ஆம் ஆண்டளவில் கிரேக்க மதுவில் தோய்த்த கடற்பஞ்சினாற் கழுவினர். நிறத்தைத் தெளிவிக்க எண்ணி முன்னோர் பூசிய விலங்குப் பசையோ, நாளடைவிற் கறுத்துப் புகையையும் பற்றிக்கொண்டது.

1980இல் தொடங்கிய திருப்பணி 1994இல் நிறைவெய்தியது. விதானத்தில் அமோனியம் இருகாபனேற்று முதலியன கலந்த களிம்பைப் பூசி, மூன்று நிமிடங்களின் பின் நீரில் தோய்ந்த பஞ்சினால் துடைத்தனர். மறைந்திருந்த பச்சையும் ஊதாவும் ஒளிவீசின. ஓவியர் உலர்ந்த சாந்தின்மேல் இட்ட நிழல்களும் உடன் அழிந்தன என அறிஞர் சிலர் கண்டித்தனர். நீங்கியது பழைய பசையே எனப் பணி செய்தோர் மறுத்தனர்.

முன்னைய நிலையைக் காட்டுதற்கெனச் சிற்சில இடங்களைக் கறுப்பாகவே விட்டுள்ளனர். துடைத்ததை மீண்டும் ஒட்ட முடியாது. நம் வீட்டுச் சுவாமியறைச் சுவரைத் தேய்க்குமுன்னும், ஒரு மூலையிற் சிறிது பரீட்சித்துப் பார்த்தல் நன்று.