சந்தைக்கு அனுப்பும் முன் வீட்டுக்கும் ஒரு கொய்யா

பழனி அருகே ஆயக்குடி போல, கொய்யா விளையும் ஊர்களில் நல்ல பழமெல்லாம் சந்தைக்குப் போய்விடுகிறது. வீட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்து வையுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லி கிராம் அளவுக்கு வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சில் சுமார் 50 மட்டுமே. ஒரு பழமே ஒரு நாள் தேவைக்குப் போதும்.

தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாக இச்சத்து வேண்டும். மிகவும் குறைந்தால் அரிவாள் வெட்டுக்காயம் ஆறத் தாமதமாகும். ஈறில் ரத்தம் கசியும். கீரை, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் உதவுவதால், ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுடனே பழத்தைச் சாப்பிடலாம்.

நறுக்கி வைத்தால் சத்து குறையும்; கழுவி, உடனே சாப்பிடுங்கள். மருந்து தெளித்திருந்தால், காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள். சிறுத்து, விலை போகாத பழத்திலும் இச்சத்து உண்டு.