ஒரே உணவு, வெவ்வேறு உடல்கள்

நோன்பு திறந்ததும் பலூடா கொடுத்தால் என் சாச்சி தொடமாட்டார். "பிகு பண்ணுகிறார்" என்பார்கள். உயிரியல் படித்த பிறகே எனக்குக் காரணம் புரிந்தது.

பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லம் சமிபாடடைய இலற்றேசு என்ற நொதியம் வேண்டும். பலருக்குக் குழந்தைப் பருவத்தின் பின் இது குறைந்துவிடும். அப்போது வயிறு ஊதும், வலிக்கும், சிலவேளை வயிற்றோட்டமும் ஏற்படும். ஆனால் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் அரைக் கோப்பை பாலைத் தாங்குவார். இன்னொருவருக்குப் பால்தேநீரே ஒத்துக்கொள்ளாது.

சீலியாக் நோய் வேறானது. கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்டால், உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே சிறுகுடலின் சடைமுளைகளைச் சிதைக்கும். ஒருவருக்கு வயிற்றோட்டம் வரும். இன்னொருவருக்கு வயிற்றில் எந்தக் குறையுமின்றி இரத்தச்சோகை மட்டும் தெரியும். கோதுமையை நீக்கினால் இந்நோயுள்ள குழந்தைகள் தேறுவதை நெதர்லாந்து மருத்துவர் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் காட்டினார். இவர்களுக்குச் சிறு துண்டுப் பாணும் கேடுதான். இடியப்பமும் கோதுமை மா கலக்காததாக இருக்க வேண்டும்.

ஆகவே தோழியரே, விருந்தில் ஒருவர் "வேண்டாம்" என்றால், "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். யாருக்கு எவ்வளவு ஆகும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ப் பாலில் இலற்றோசு இல்லை. இப்போது சாச்சிக்கு வட்டிலப்பம் எடுத்து வைக்கிறோம்.