உங்களுக்குத் தெரியுமா? பிங்குக்குக் கூகுள் வைத்த பொறி!

2009 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் பழைய 'லைவ் சர்ச்'சுக்குப் புதுப்பெயர் சூட்டி, 'பிங்' என்று கூகுளுக்கு எதிரே களமிறக்கியது.

மறு ஆண்டே கூகுள் பொறியாளர்களுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கண்ணிமைகளைத் தைத்துச் சேர்க்கும் 'டார்சோரஃபி' என்ற அறுவைச் சிகிச்சையின் பெயரை யாராவது பிழையாக எழுதித் தேடினால், கூகுள் அதைத் திருத்திச் சரியான பக்கத்தைக் காட்டும். சில நாளில் பிங்கும் அதே பக்கத்தை முதலில் காட்டத் தொடங்கியது. ஆனால் எழுத்துப்பிழையை அது திருத்தவே இல்லை! பிழையே பிடிபடாமல் விடை மட்டும் எப்படி வந்தது?

கூகுள் பொறி வைத்தது. பொருளே இல்லாத எழுத்துக் குவியல்கள் ஏறத்தாழ 100. ஒவ்வொன்றையும் கூகுளில் தேடினால், தொடர்பே இல்லாத ஒரு பக்கம் முதலில் வரும்படி ஏற்பாடு. 20 பொறியாளர்கள் மடிக்கணினிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், பிங் கருவிப்பட்டை பொருத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அவற்றைக் கூகுளில் தேடிச் சொடுக்கினார்கள். ஓரிரு வாரங்களில் 7 முதல் 9 சொற்களுக்குப் பிங்கிலும் அதே பக்கம்! 'எச்ஐஒய்பிபி' என்று தொடங்கும் 10 எழுத்துக் குவியலுக்கு வந்தது, லாஸ் ஏஞ்சலஸ் அரங்கு ஒன்றின் இருக்கை விவரம்.

2011 பிப்ரவரியில் கூகுள் இதை வெளியிட்டது. 100-இல் 9 சிறிய எண்தான். ஆனாலும் தற்செயல் என்று தள்ள முடியாத சான்று அது. மைக்ரோசாஃப்ட் நகலெடுப்பை மறுத்தது. அனுமதி தந்த பயனர்களின் சொடுக்குகள், தான் கணக்கில் எடுக்கும் 1,000-க்கும் மேற்பட்ட தடயங்களில் ஒன்று மட்டுமே என்றது.