ஃபிளாட்டை விற்கும் முன் பெயிண்ட் அடிக்கலாமா?

போன வருஷம் அப்பாவோட மடிப்பாக்கம் ஃபிளாட்டை வித்தோம். 900 சதுர அடி, 2009-ல் வாங்கினது. முதல்ல வந்த மூணு பார்ட்டியும் பத்து நிமிஷம்கூட நிக்கல. காரணம் கண் முன்னாடியே இருந்துச்சு. ஹால்ல ரெண்டு பீரோ, பழைய சோஃபா, பால்கனியில ஓட்டாத சைக்கிள். 900 சதுர அடி வீடு 600 மாதிரி தெரிஞ்சுது!

ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினோம். பழைய சாமான்காரருக்குப் பாதி, சித்தி வீட்டு மாடிக்கு மீதி. ஒழுகுற குழாய்க்கு வாஷர், புது எல்.இ.டி பல்பு, வெள்ளை பெயிண்ட். மொத்தம் 38,000 ரூபாய். கிழக்குப் பார்த்த ஹால் என்பதால், பார்க்க வர்றவங்களை காலை 9 மணிக்கே வரச் சொன்னோம்.

பிரச்சினை பெட்ரூம் மூலையில் இருந்த நீர்க்கசிவுதான். மேல மொட்டை மாடி. "புட்டி வச்சு ரெண்டு கோட் அடிச்சா தெரியாது சார், மழைக்குள்ள பத்திரத்தை முடிச்சுடுங்க"ன்னார் பெயிண்டர். அப்பாவும் தலையாட்டினார். நான் ஒத்துக்கல. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-ஐப் பாருங்க: வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியே ஆகணும். அந்தச் சுவரை அப்படியே விட்டோம். வாட்டர்ப்ரூஃபிங் கொட்டேஷன் 55,000 ரூபாய். அதை வாங்குபவர் கையில் கொடுத்தோம். அவர் விலையில 60,000 குறைச்சார். அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

இப்ப வரிக் கணக்கு. பெயிண்ட் செலவை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம்னு பலர் நினைக்கிறாங்க. முடியாது, அது சாதாரணப் பராமரிப்பு. புரோக்கர் கமிஷனைக் கழிக்கலாம். கூடுதல் அறை கட்டின மாதிரி நிரந்தரச் செலவையும் கழிக்கலாம், பில் இருக்கணும். அதனால, விற்கப்போற வீட்டுல நாலு லட்சத்துக்கு அலங்காரம் செஞ்சா, அந்தப் பணம் விலையில திரும்பி வந்தாத்தான் உண்டு.

எங்க டீப்பாய் மேல பூச்சாடி வைக்கல. ஒரு ஃபைல் வச்சோம்: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, அப்பா பேரிலேயே இருக்கும் மின் இணைப்பு அட்டை. வாங்கினவர் வீட்டைப் பார்த்தது கால் மணி நேரம். ஃபைலோட உட்கார்ந்தது முக்கால் மணி நேரம்.