உங்களுக்குத் தெரியுமா? காக்கிச் சட்டையும் காப்புக்காடும்

மலைக்குச் சுற்றுலா போகும் நம்மில் பலர் வனத்துறையைப் பார்ப்பது சோதனைச் சாவடியில் மட்டும்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், தடுப்புக் கட்டை உயர்கிறது, நாம் போய்விடுகிறோம். அந்தக் கட்டைக்கு அப்பால் 160 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் பெருமைப்பட நிறைய உண்டு. தலைகுனிய வேண்டியதும் உண்டு.

முதல் தலைவர் ஒரு டாக்டர்

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் உருவானபோது அதன் தலைமைக்கு வந்த ஹியூ கிளெக்ஹார்ன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். ஸ்காட்லாந்துக் குடும்பம், ஆனால் 1820-இல் பிறந்தது சென்னையில். வைத்தியத்தோடு தாவரவியலும் கற்றவர். வெப்ப மண்டலக் காடுகள் அழிந்தால் என்னென்ன நேரும் என்று ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்றின் அறிக்கையில், வனத்துறைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பங்கெடுத்திருந்தார்.

ஆனால் அரசு அவரை நியமித்தது அந்தக் கவலையால் மட்டுமல்ல. ரயில் பாதைக்குக் கட்டைகள் வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் பிறந்த துறை இது. மலைவாழ் மக்களின் காட்டெரிப்பு வேளாண்மையை நிறுத்தச் சொன்னவர்களில் கிளெக்ஹார்னும் ஒருவர். காட்டில் வாழ்பவர்களையே காட்டுக்கு எதிரியாகப் பார்க்கும் பழக்கம் அப்போதே வேர்விட்டுவிட்டது. அது துறையை விட்டுப் போக வெகுகாலம் ஆனது. முழுதும் போய்விட்டதாக இன்றும் சொல்ல மாட்டேன்.

இன்றும் உயிரோடிருக்கும் 1882

தமிழ்நாட்டில் ஒருவர் அனுமதியில்லாமல் காட்டு மரத்தை வெட்டினால் அவர் மீது பாயும் சட்டம் 1882-இல் இயற்றப்பட்டது. ‘மெட்ராஸ்’ என்ற சொல் போய் ‘தமிழ்நாடு வனச் சட்டம்’ ஆனதே தவிர, எலும்புக்கூடு அதேதான். ஓர் இடத்தைக் காப்புக்காடாக்க அரசு முதலில் 4-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கும். உரிமை கோருபவர்களை வன நிர்ணய அலுவலர் விசாரிப்பார். நடைபாதை, மேய்ச்சல், தண்ணீர் என்று யாருக்கு என்ன பாத்தியதை உண்டோ அதைத் தீர்த்த பிறகே 16-ஆம் பிரிவின் கீழ் இறுதி அறிவிப்பு வரும்.

மரமில்லாத காடு

காப்புக்காடு என்றால் மரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கோரையும் தண்ணீரும் பூநாரையும்தான் அங்கே காடு. ஒருபுறம் ஐ.டி. கட்டடங்கள், மறுபுறம் குப்பைமேடு, நடுவே வனத்துறையின் எல்லைக் கல்.

யானை வந்தால் யார் யாருக்குச் சொல்வது?

இத்துறையின் படிநிலையைப் பாடமாகப் படித்தால் மறந்துவிடும். ராத்திரி 11 மணிக்கு வாழைத் தோப்பில் ஒற்றை யானை இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓடி வருபவர் வேட்டைத் தடுப்புக் காவலர். பெரும்பாலும் அதே மலையில் பிறந்த இருளரோ குறும்பரோ காடரோ. கையில் டார்ச், பையில் பட்டாசு. அவர் சொல்வது வனக்காப்பாளரிடம். ஒரு ‘பீட்’ முழுவதும் வனக்காப்பாளரின் பொறுப்பு. சில பீட்களைச் சேர்த்துப் பார்ப்பவர் வனவர். அவருக்கு மேலே வனச்சரக அலுவலர், ஊரார் வாயில் ‘ரேஞ்சர்’. களத்தில் முடிவெடுப்பவரும், மறுநாள் காலையில் இழப்பீடு கேட்டு நிற்கும் விவசாயிக்குப் பதில் சொல்பவரும் அவரே. சரகங்கள் சேர்ந்தால் கோட்டம். அதற்கு மாவட்ட வன அலுவலர். கோட்டங்கள் சேர்ந்தால் மண்டலம். அங்கே வனப் பாதுகாவலர் அல்லது தலைமை வனப் பாதுகாவலர். எல்லோருக்கும் மேலே சென்னையில் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர்.

யானை திரும்பத் திரும்ப வந்து ஆளையும் அடித்துவிட்டது, மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டும் என்றால் இவர்களில் யாரும் தாமாக முடிவெடுக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது “மேலிடத்து ஆர்டர் வரணும்ங்க” என்று ரேஞ்சர் சொல்வது சாக்குப்போக்கு அல்ல.

நான்கு மணி நேரம், 25 கிலோமீட்டர்

இந்திய வனப் பணிக்குத் தேர்வாகிறவர்கள் எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறினால் மட்டும் போதாது. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். வேறு எந்த அகில இந்தியப் பணிக்கும் இந்த நடைத் தேர்வு கிடையாது.

தூரை விட்டுவைத்தவர்

பொள்ளாச்சிக்கு மேலே இருக்கும் டாப்ஸ்லிப்புக்குப் பெயர் வந்ததே மரத்தால்தான். மேலே வெட்டிய தேக்குத் தடிகளைச் சரிவில் வழுக்கிக் கீழே இறக்கிய இடம் அது. வெட்டு ஓயாமல் நடந்தது. அங்கே அதிகாரியாக வந்த ஹியூகோ வுட், மரத்தை வேரோடு பெயர்க்க விடாமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் அல்லவா? மழைக்காலத்தில் பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, விதையைப் போட்டுவிட்டு அடுத்த அடி வைப்பாராம். 1933-இல் இறந்தவரை அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். ‘என்னைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிப் பாருங்கள்’ என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தேக்கு.

நட்டவர்களே பிடுங்குகிறார்கள்

சென்ற நூற்றாண்டில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை ‘வெற்று நிலம்’ என்று நினைத்து, தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரத்தையும் ரேயான் ஆலைக்கு மரக்கூழ் தரும் தைலமரத்தையும் நட்டது வனத்துறைதான். அந்தப் புல்வெளிதான் மழையை உறிஞ்சி வைத்து ஓடையாக விடும் பஞ்சு என்பது தாமதமாகத்தான் உறைத்தது. இப்போது அதே துறை அதே மரங்களை அகற்றிப் புல்லை மீட்டுக்கொண்டிருக்கிறது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். அதேபோல் பரவிய உண்ணிச்செடியின் குச்சிகளைக் கொண்டு கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் ஆளுயர யானைகள் செய்கிறார்கள். தன் தவறைத் தானே திருத்தும் துறையை நான் மதிக்கிறேன். ஆனால் திருத்துவது நடுவதைவிடப் பல மடங்கு கடினம்.

ஒரு தேயிலைத் தோட்டம் வந்த கதை

1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. அதன்படி, இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களில் பலர் கப்பலேறி வந்தார்கள். கொழுந்து பறிப்பதுதான் அவர்கள் அறிந்த தொழில். அவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது வனத்துறை. அதுதான் பின்னால் ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனம் ஆனது. காடாக இருந்த நிலம் தோட்டமானதை எண்ணி வருந்துகிறவர்கள் உண்டு. ஊரைவிட்டு வெறுங்கையோடு வந்த குடும்பங்களுக்கு அது கூரையாக இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அகராதியில் தேடிய நீதிமன்றம்

கூடலூரில் காட்டு மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்படுவதைப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டையே தொட்டது. அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது நீதிமன்றம். ஒரு நீலகிரி ஊரின் வழக்கு இந்தியா முழுமைக்கும் ‘காடு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தது.

சாதம், கொள்ளு, வெல்லம்

முதுமலை தெப்பக்காடு முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு வேளை. ராகிக்களி, வேகவைத்த கொள்ளு, சாதம், வெல்லம், உப்பு, தாதுக் கலவை எல்லாவற்றையும் பிசைந்து பாகன்கள் பெரிய கவளங்களாக உருட்டுகிறார்கள். எந்த யானைக்கு எது எத்தனை கிலோ என்று பலகையில் பெயர் வாரியாக எழுதியிருக்கிறது. சர்க்கரை கூடிய முதியவருக்கு வீட்டில் தனிச் சமையல் செய்வதுபோல, வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப அளவு மாறுகிறது. துதிக்கையில் கொடுப்பதில்லை, நேராக வாய்க்குள் ஊட்டுகிறார்கள்.

காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் உதவும் கும்கிகள் இப்படி வளர்ந்த யானைகளில்தான் உருவாகின்றன. டாப்ஸ்லிப்புக்கு அருகே கோழிகமுத்தி முகாமின் கலீம் 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் பிடிபட்ட குட்டி. 99 பணிகளில் பங்கெடுத்து, 60 வயதில், 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அன்று வனத்துறையினர் வரிசையில் நின்று அதற்கு மரியாதை அணிவகுப்பு செலுத்தினார்கள். அதிகாரிகளுக்குக் கிடைக்கும் அதே மரியாதை.

அதே மார்ச்சில்தான் தெப்பக்காட்டு பொம்மன் – பெள்ளி தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது. அந்த ஆண்டிலேயே பெள்ளி அம்மாவுக்குக் காவடிப் பணி ஆணை கிடைத்தது. பாகனுக்கு உதவியாளரைக் காவடி என்பார்கள். தாயில்லாக் குட்டிகளைப் பல ஆண்டுகளாக வளர்த்தவருக்கு அந்தத் தாள் தாமதமாகவே வந்தது.

இறந்த யானையையும் விடாதவர்

டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்றால் வனத்துறையில் இன்றும் ‘யானை டாக்டர்’தான். காட்டில் யானை இறந்து கிடந்தால் பதிவேட்டில் ஒரு வரி எழுதி முடிக்கக் கூடாது, அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அழுகிய உடலுக்குள் கைவிட்டுத் தோட்டாவைத் தேடுவது எளிதான காரியமா? இன்று யானையின் உடற்கூறாய்வு நடைமுறையாகிவிட்டது.

பச்சைத் தழையால் அணைக்கும் தீ

பிப்ரவரி, மார்ச் வந்தால் வனக்காப்பாளருக்குத் தூக்கம் இல்லை. அதற்கு முன்பே சாலையோரத்திலும் எல்லைகளிலும் காய்ந்த புல்லை அகலமான பட்டையாகச் செதுக்கியும் எரித்தும் தீத்தடுப்புக் கோடு போட்டுவிட வேண்டும். தீ அங்கே வந்தால் தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிடும். தாண்டிவிட்டால்? செங்குத்தான சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. பச்சைத் தழைக் கொத்தை ஒடித்து, வரிசையாக நின்று, அடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். மலையேற்றத்துக்கு மாநில அளவில் விதிமுறைகள் வந்தது அதற்குப் பிறகுதான். 2024-இல் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கி, அந்தந்த மலையின் இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது.

வாச்சாத்தி

இதை விட்டுவிட்டு வனத்துறையைப் பற்றி எழுத முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகத் தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். மலைவாழ் மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தார்கள். வனக்காப்பாளராகப் பயிற்சிக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

ஒரு வரிச் செய்திகள்

தமிழ்நாட்டில் புலிகள் காப்பகங்கள் 5. முதலாவது களக்காடு – முண்டந்துறை, கடைசியாக வந்தது 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை.

கிண்டித் தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றிலும் சென்னை, உள்ளே புள்ளிமான்.

தேவாங்குக்கு நாட்டின் முதல் சரணாலயம் 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் அமைந்தது.

மாநில விலங்கான வரையாட்டுக்குத் தனித் திட்டம் 2022-இல் வந்தது. 2024 கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டில் 1,303.

கோவை மதுக்கரையில் தண்டவாளத்தை யானை நெருங்கினால் கோபுரங்களில் உள்ள கேமராக்கள் கண்டு எச்சரிக்கின்றன. ரயில் மெதுவாகிறது. 12 கோபுரங்கள், 2024 முதல்.

கடலிலும் வனத்துறை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ரேஞ்சருக்கு ஜீப்பைவிடப் படகுதான் முக்கியம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசுக்களுக்கான காப்பகமானது, இந்தியாவில் முதல் முறையாக. மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று சொல்லும் இந்தச் சாது விலங்கு வலையில் மாட்டினால், வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். வலை நூல் விலை உயர்ந்தது. அதனால் அப்படி விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத் தொகை தந்து பாராட்டுகிறது.

தீபாவளிக்கு இனிப்போடு வரும் அதிகாரிகள்

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் நத்தைக்கொத்தி நாரைகளும் கொக்குகளும் கூடு கட்ட வரும். 1977-இல் அதைச் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டு விருந்தாளிகளாகக் கருதி வந்தார்கள். தீபாவளியன்று அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது. கூட்டில் குஞ்சுகள் இருக்கும் நேரம் அது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்கு வந்தாலும் பட்டாசை எடுத்துவருவதில்லை. தீபாவளியை ஒட்டி வனத்துறையினர் இனிப்புப் பெட்டிகளோடு ஊருக்குள் வருகிறார்கள். வீடு வீடாகப் போய் நன்றி சொல்லி, குழந்தைகள் கையில் இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.